மறைந்த சோதனைகளும் நடுவர் கடமையும்

பரீட்சை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சு துணுக்குறாத மாணவர் அரியர். எனினும் நம் கல்லூரிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பரீட்சை முறையின் நியாயத்தை ஐயுற்றோர் பலரல்லர். வினாத்தாள் கையில் வரும்வரை ஒருவர்க்கும் தெரியாது. வந்தபின் எல்லார்க்கும் ஒன்றே. முடிந்தபின் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று, ஆசிரியரோடும் தோழரோடும் ஒவ்வொரு வினாவையும் பற்றி வழக்காடலாம். வினாவிலேயே பிழை நேர்ந்திருப்பின் அதுவும் அவ்வழக்கில் வெளிப்பட்டுவிடும். மறைக்க வேண்டிய காலத்தில் மறைவும், திறக்க வேண்டிய காலத்தில் திறப்பும் அமைந்திருத்தலே இம்முறையின் சிறப்பாகும்.

இக்காலத்தில் கணிப்பொறியின் வாயிலாக நடைபெறும் நிரலாக்கப் பயிற்சிகளிலும் போட்டிகளிலும் தேர்வுகளிலும் இச்சிறப்புச் சிற்சில இடங்களில் காணப்படவில்லை. ஆண்டு வினா எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றது. விடையை அளக்கும் கோலோ பலவிடத்தும் என்றென்றைக்கும் மறைந்தே கிடக்கின்றது. நம் மாணவருள் மிகப் பலர் நாள்தோறும் இத்தகைய பயிற்சிகளில் இரவு நெடுநேரம் விழித்திருக்கின்றனர். அவருட் பலருடைய வேலைவாய்ப்பும் அதனைப் பொறுத்தே உள்ளது. ஆதலின் இதனைக் குறித்து எம் அபிப்பிராயத்தை இம்மலரின் வாயிலாக வெளியிடத் துணிந்தோம்.

நிரலாக்கம் பயிலாத அன்பர்களும் இதனைப் படிப்பாராதலின், விஷயத்தைச் சிறிது விளக்கி மேற்செல்வோம். கணிப்பொறி ஒரு வேலையைச் செய்யும்பொருட்டு அதற்கு விளங்கும் மொழியில் எழுதப்படும் கட்டளைத் தொகுதியே நிரல். கட்டுரை வினாவின் விடையை ஆசிரியர் படித்து மதிப்பிடுவர்; நிரலையோ மற்றொரு நிரலே மதிப்பிடுகின்றது. அதனை இணைய நடுவர் என்பர். அந்நடுவர் மாணவன் எழுதியதைப் படிப்பதில்லை. சில உள்ளீடுகளைக் கொடுத்து, அவன் நிரல் தரும் வெளியீடு, முன்னரே எழுதிவைத்த விடையோடு ஒத்திருக்கின்றதா என்று மட்டுமே நோக்குகின்றது. இவ்வுள்ளீடும் அதற்குரிய விடையும் சேர்ந்த ஒன்றையே மாணவர் 'டெஸ்ட் கேஸ்' என வழங்குவர். யாம் சோதனை என்போம்.

எளியதோர் உதாரணம் காண்போம். 'சில எண்கள் தரப்படும். அவற்றுட் பெரியதனைக் கூறுக' என்பது வினா. மாதிரியாக 3, 7, 5 என்பனவும் விடை 7 என்பதும் வினாவின் கீழ் அச்சிடப்பட்டுள்ளன. ஒரு மாணவன், 'இதுவரை கண்ட பெரிய எண் 0' என்று தொடங்கி, அதனினும் பெரியது வருந்தோறும் மாற்றிக்கொண்டே செல்லுமாறு நிரல் எழுதுகின்றான். மாதிரிக்கு விடை சரியாகவே வருகின்றது. ஆயின் மறைந்துள்ள சோதனைகளுள் ஒன்றில் −4, −9, −2 என்னும் எண்கள் உள்ளன. விடை −2 ஆதல் வேண்டும். அவன் நிரலோ 0 என்கின்றது. நடுவர் 'விடை தவறு' என்று இரண்டே சொற்களிற் கூறி அமைகின்றது. எவ்வுள்ளீட்டில் தவறியது, எதிர்பார்த்த விடை யாது என்பன சொல்லப்படுவதில்லை. அவன் தலையிற் கைவைத்துக்கொண்டு அமர்கின்றான்.

இந்நிலையைக் குறித்து மாணவர்க்குள் இரு கட்சிகள் உள. ஒரு சாரார், 'தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டாமல் தவறு என்று மட்டும் கூறுதல் கொடுமை. சோதனைகள் அனைத்தையும் அப்போதே திறந்து காட்டுக' என்பர். மற்றொரு சாரார், 'திறந்து காட்டினாற் போட்டியே இல்லை. தன் பிழையைத் தானே தேடிக் காண்பவனே நிரலாளன். எக்காலத்தும் மறைத்தே வைக்க' என்பர். இவ்விரு கூற்றிலும் பாதி உண்மையே உளது என்பதும், போட்டி நடக்கும் பொழுது மறைத்தலும் அது முடிந்தபின் திறத்தலுமே நீதி என்பதும் எம் துணிபு. மாணவனைச் சோதிக்கும் சோதனையும் ஒருநாள் சோதிக்கப்படுதல் வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

முதற்கண், மறைவு ஏன் வேண்டும் என்பதை ஆராய்வோம். சோதனைகள் போட்டியின்போதே தெரியுமாயின், வினாவைச் சிறிதும் சிந்தியாத ஒருவன், 'இவ்வுள்ளீடு வரின் இவ்விடையை எழுதுக' என்று இருபது வரிகள் எழுதி முழு மதிப்பெண்ணும் பெறலாகும். அஃது நிரலன்று, மனப்பாடம். உழைத்தவனும் உழையாதவனும் ஒரே நிரையில் நிற்பர். அவ்வாறு நிற்பித்தல் உழைத்தவனுக்கு இழைக்கும் அநீதியன்றோ?

அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. உலகில் நிரல்கள் இயங்கும்போது, அவற்றிற்கு வரவிருக்கும் உள்ளீடுகளை முன்னறிந்து கூறுவார் ஒருவரும் இலர். எல்லை நிலைகளைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கம் நிரலாளனுக்கு இன்றியமையாதது. இதற்குச் சான்றாக ஒரு செய்தி கூறுவோம். வரிசைப்படுத்திய எண்களுள் ஒன்றை, ஒவ்வொரு முறையும் பாதி பாதியாக விலக்கித் தேடும் இருகூற்றுத் தேடல் என்னும் முறை மிகப் பழையது. ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த அம்முறையிலேயே ஒரு பிழை ஒன்பது ஆண்டளவு ஒருவர் கண்ணிலும் படாதிருந்தது என்பதை, அதனை எழுதிய ஜாஷுவா பிளாக் என்பவரே 2006-ல் வெளியிட்டார். இரு இடங்களின் எண்களைக் கூட்டிப் பாதியாக்கும்போது, அக்கூட்டுத்தொகை 2,14,74,83,647 என்னும் எல்லையைக் கடந்துவிடின் எதிர்மறை எண்ணாக மாறிவிடும் என்பதே அப்பிழை. சிறிய பட்டியல்களில் அது தோன்றவே தோன்றாது; நூறு கோடி அளவுள்ள பட்டியல்களிலேயே தோன்றும். கண்முன் உள்ள மாதிரிகளுக்கு மட்டும் விடை காணப் பழகியவன் இத்தகைய பிழையை என்றும் காணான். ஆதலின் சோதனைகளைப் போட்டிக் காலத்தில் மறைத்தல் மாணவனுக்குப் பகையன்று. அவன் கல்விக்கு உறுதுணையே.

உலகப் புகழ் பெற்ற போட்டிகள் இம்மறைவை எவ்வாறு ஆள்கின்றன என்பதையும் நோக்குவோம். அமெரிக்காவில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1970-ல் தொடங்கி இன்று உலகெங்கும் நடைபெறும் ஐ.சி.பி.சி. என்னும் கல்லூரிப் போட்டியில், மூவர் கூடிய குழுவிற்கு ஒரே கணிப்பொறியும் ஐந்து மணி நேரமும் அளிக்கப்படும். நடுவரின் தீர்ப்பு மட்டுமே தெரியும், சோதனை தெரியாது. ஒரு வினாவிற்கு முடிவில் சரியான விடை கண்ட குழுவிற்கு, அதற்குமுன் அவ்வினாவில் தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் இருபது நிமிடம் தண்டமாகச் சேர்க்கப்படும். கண்டிப்பு மிக்கதே, ஆயினும் எல்லாக் குழுவிற்கும் ஒரே கண்டிப்பு. இறுதிப் போட்டி முடிந்தபின் நடுவர்களின் சோதனைத் தரவுகள் வெளியிடப்படுகின்றன.

பள்ளி மாணவர்க்குரிய பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு 1989-ல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் தொடங்கிற்று. முற்காலத்தில் போட்டி முடிந்த பின்னரே மாணவர் தம் மதிப்பெண்ணை அறிந்தனர்; ஒரு சிறு தட்டெழுத்துப் பிழையால் பல மணி நேர உழைப்பை இழந்து நின்றவர் எத்துணையரோ! இப்பொழுதோ நிரலை அளித்தவுடன் மதிப்பெண் காட்டப்படுகின்றது. ஆயின் சோதனை காட்டப்படுவதில்லை. மேலும், ஒருவகைச் சோதனைகள் அனைத்தும் ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டு, அத்தொகுதி முழுவதும் சரியாயின் மட்டுமே அதற்குரிய மதிப்பெண் கிடைக்கின்றது. ஊகித்து எழுதிய விடைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக மதிப்பெண் சேர்ந்துவிடாதபடி காப்பதே இதன் நோக்கம். மாணவன் தன் நிலையை அறிவதற்கும் சோதனை மறைந்திருப்பதற்கும் முரண் இல்லை என்பது இதனால் விளங்கும்.

ரஷ்ய நாட்டின் சராத்தவ் நகரில் மைக் மிர்சயானவ் என்பார் 2010-ல் தொடங்கிய கோட்ஃபோர்சஸ் என்னும் களத்தில் வேறொரு நயம் உளது. அதன் வழக்கமான போட்டிகளில், போட்டி நேரத்தில் முற்சோதனைகள் சிலவே நடத்தப்படும். முழுச் சோதனை போட்டி முடிந்தபின் நிகழும். இடைப்பட்ட நேரத்தில் ஒருவன், தன் விடையை இனித் திருத்துவதில்லை என்று பூட்டிவிட்டு, தன் அறையிலுள்ள பிறர் நிரலைப் படித்து, அதனை வீழ்த்தும் சோதனை ஒன்றைத் தானே இயற்றி எய்யலாம். வீழ்ந்தால் அவனுக்கு 100 புள்ளி ஊதியம். வீழாவிடின் 50 புள்ளி இழப்பு. அமெரிக்காவில் 2001-ல் எழுந்த டாப்கோடர் களத்திலும் இத்தகைய அறைகூவல் நேரம் ஒன்று இருந்தது. அங்ஙனம் எய்யப்படும் சோதனைகள் எளியன அல்ல. சி பிளஸ் பிளஸ் மொழியின் ஒருவகை அட்டவணை, சில பதிப்புகளில் 107897 என்னும் பகா எண்ணின் மடங்குகளையே உள்ளீடாகத் தந்தால் ஆமைபோல் ஊர்ந்து, நேர எல்லையைக் கடந்துவிடும் என்பதைக் கண்டு, அவ்வாறே எய்து தோழரை வீழ்த்தினாரும் உளர். வீழ்ந்தவர் சினந்தாலும், மறுநாள் அக்களத்திற் சென்று, தம்மை வீழ்த்திய சோதனை இன்னது என்று கண்டு தெளியலாம். போட்டி முடிந்தபின் அங்குச் சோதனைகளும் பிறர் நிரல்களும் யாவரும் காணத் திறந்து கிடக்கும். மிக நீண்ட சோதனைகள் மட்டுமே சுருக்கிக் காட்டப்படும். ஜப்பானில் 2012-ல் தோன்றிய அட்கோடர் களமும் போட்டி முடிந்தபின் சோதனைத் தரவுகளைப் பொதுவில் வைக்கின்றது.

இவை யாவற்றிலும் பொதுவாக நிற்கும் நெறி யாது? மறைவு போட்டிக்கு உரியது. திறப்பு கல்விக்கு உரியது. இரண்டிற்கும் காலவரையறை உண்டு என்பதே. இந்நெறி கைவிடப்படும் இடங்களிற்றான் அநீதி புகுகின்றது. சோதனைகள் எக்காலத்தும் மறைந்தே இருப்பின் விளையும் தீங்கிற்கு, எம் அறிவுக்கு நேரே எட்டிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நிறுவனத்தின் பெயரும் மாணவர் பெயரும் ஈண்டு வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன், ஓரிடத்தில் நடந்த தேர்வொன்றில், 'பல பொருள்களின் விலைகள் தரப்படும். மொத்தத் தொகையைக் கூறுக. ஒரு பொருளின் விலை நூறு கோடி வரை இருக்கலாம்' என்னும் எளிய வினா வந்தது. நமக்கு அறிமுகமான மாணவர் ஒருவர், தொகை பெரிதாகும் என்பதை எண்ணி, பெரிய எண்களைத் தாங்கும் வகையில் நிரல் எழுதினார். சோதனை பத்து, ஒன்பது சரி, பத்தாவது தவறு என வந்தது. அவர் திருத்தித் திருத்திப் பன்முறை அளித்தும் பத்தாவது அசையவில்லை. அவ்வொரு வினாவிலேயே நேரம் முழுவதும் கழிந்து, பின்னர் வந்த வினாக்களைத் தொடவும் அவரால் இயலவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த ஒருவர், தொகையின் அளவைச் சிறிதும் சிந்தியாது, சிறிய எண்களுக்குரிய வகையிலேயே எழுதினார். அவர்க்குப் பத்தும் சரியென வந்தது.

மறு ஆண்டில் அச்சோதனைகளைக் காக்கும் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறியபோதே உண்மை வெளிப்பட்டது. பத்தாவது சோதனையில் நூறு கோடி விலையுள்ள பொருள்கள் மூன்று இருந்தன. தொகை 3,00,00,00,000 அன்றோ? விடை என எழுதிவைக்கப்பட்டிருந்ததோ −1,29,49,67,296! வினா இயற்றியவரின் நிரலே சிறிய எண் வகையில் எழுதப்பட்டிருந்தமையால், தொகை 2,14,74,83,647 என்னும் எல்லையைக் கடந்து, எதிர்மறையாய்ச் சுழன்று வந்திருந்தது. அதனையே சரியான விடையெனக் கோப்பில் இட்டுவிட்டனர். மூன்று பொருள்களின் விலையைக் கூட்டினால் கடைக்காரர் நமக்குப் பணம் தர வேண்டியதாகும் என்னும் இவ்விந்தையை, அக்கோப்பை ஒரு கணம் நோக்கும் எந்தச் சிறுவனும் கண்டு நகைத்திருப்பான். ஆயின் நோக்குவார் ஒருவரும் இலர். நோக்க அனுமதியும் இல்லை. நடுவர் செய்த பிழையையே தாமும் செய்தவர் தேறினார்; பிழை செய்யாதவர் தோற்றார். உண்மை வெளிப்பட்ட போது அம்மாணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் மற்றொருவர் அமர்ந்து ஓராண்டு கழிந்திருந்தது. அவர் பின்னர் வேறு வழியில் முன்னேறினார் என்பது எமக்கு மகிழ்ச்சியே. எனினும் அவர் எம்மிடம் கூறியது ஒன்றை மறக்கமாட்டோம்: 'இடம் போனதைவிட, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஓராண்டு நானே நம்பியிருந்தேனே, அதுதான் வருத்தம்' என்றார்.

இந்நிகழ்ச்சியில் ஒருவரும் வஞ்சகர் அல்லர். வினா இயற்றியவர் கவனக்குறைவால் தவறினார். தவறுதல் மாந்தர்க்கு இயல்பு. ஆயின் அத்தவறு ஓராண்டு முழுவதும் வாழ்ந்தமைக்குக் காரணம் மறைவே. நீதிமன்றத்தில் தீர்ப்புக் கூறும் நீதிபதி காரணமும் எழுதுகின்றார். மேல்முறையீட்டிற்கு வழியும் உண்டு. காரணம் கூறாத, முறையீடு கேளாத, தன் ஏட்டை ஒருவருக்கும் காட்டாத நடுவரை எவ்வழக்காளியும் ஏற்கமாட்டார். கணிப்பொறி ஆதலால் அது தவறாது என்பர் சிலர். கணிப்பொறி தவறாதிருக்கலாம், அதற்கு விடை எழுதிக்கொடுத்தவர் மனிதரே என்பதை அன்னோர் மறந்தனர்.

நீடித்த மறைவினால் வரும் இரண்டாவது தீங்கு, அது உண்மையில் எல்லார்க்கும் மறைவாக இராமையே. ஒரே சோதனைகள் ஆண்டுதோறும் பயன்படுத்தப்படும் இடங்களில், மூத்த மாணவர் இளையவர்க்கும், விடுதித் தோழர் தோழர்க்கும் அவற்றை மெல்ல மெல்ல ஓதிவிடுகின்றனர். 'மூன்றாவது சோதனையில் எண் ஒன்றுமே இராது; ஏழாவதில் எல்லாம் ஒரே எண்' என்னும் குறிப்புகள் கைக்குக் கை செல்கின்றன. இவை யாருக்குக் கிட்டுகின்றன? நகரத்தில் நண்பர் பலரை உடையார்க்கும், பணங்கொடுத்துப் பயிற்சி நிலையம் செல்வார்க்கும். சிற்றூரிலிருந்து வந்து, தன் குடும்பத்தில் முதல்வனாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவனுக்கு யார் சொல்வார்? அவனுக்கு மட்டுமே மறைவு உண்மையான மறைவாகின்றது. எல்லார்க்கும் திறந்த ஒன்றினால் ஏழைக்குக் கேடில்லை. சிலர்க்கு மட்டும் திறந்த ஒன்றே அவனைக் கெடுக்கின்றது. நியாயத்தின்பொருட்டு மறைக்கின்றோம் என்பார் இதனை ஆழ்ந்து சிந்திப்பாராக.

இனி, பயிற்சியைப் பற்றிச் சிறிது கூறுவோம். போட்டி வேறு, பயிற்சி வேறு. போட்டியில் அளத்தலே நோக்கம். பயிற்சியிலோ வளர்த்தலே நோக்கம். ஸ்பெயின் நாட்டு வல்லதோலித் பல்கலைக்கழகத்தின் இணைய நடுவர் 1997-ல் உலகினர்க்குத் திறக்கப்பட்டது முதல், எத்தனையோ தலைமுறை மாணவர் அதிற் பயின்றனர். அங்குச் சோதனைகள் காட்டப்படுவதில்லை. அக்குறையை ஒருவாறு நீக்கும்பொருட்டு, மாணவன் தானே ஓர் உள்ளீட்டை இயற்றிக் கொடுத்தால் அதற்குரிய சரியான விடையைக் கூறும் யூடிபக் என்னும் தளம் பிறிதொருவரால் அமைக்கப்பட்டது. இது நல்லதோர் இடைவழி என்பது எம் கருத்து. தேடும் உழைப்பு மாணவனுடையது. தேடியது சரியா என்று தெளியும் வாய்ப்பும் அவனுக்குண்டு.

நம் நாட்டில் 2003-ல் தொடங்கப்பட்ட என்.பி.டி.இ.எல். வகுப்புகளை நம் மாணவர் நன்கறிவர். அவற்றின் நிரல் பயிற்சிகளில், வெளிச் சோதனைகள் சிலவும் உட் சோதனைகள் சிலவும் இருக்கும்; முன்னவை பழகுதற்கும், பின்னவை மதிப்பெண்ணிற்கும் உரியன. வெளிச் சோதனைகள் தவறும்போது எதிர்பார்த்த விடையும் வந்த விடையும் அருகருகே காட்டப்படுதலால், தொடக்க நிலையில் உள்ளவன் மனம் தளராமல் முன்னேறுகின்றான். இப்பகுப்பு அறிவுடையது. ஆயினும், எல்லாம் சரியென வெளிச் சோதனைகளைக் கண்டு களித்தவன், உட் சோதனையில் தவறியதை அறியும்போது, அது எது என்று காணவும் அவனுக்கு வழி இருத்தல் வேண்டும். இல்லையேல் அவன் பெற்றது எண்ணேயன்றிக் கல்வியன்று.

அற்றேல், பயிற்சியில் முதல் முயற்சியிலேயே தவறிய சோதனையைக் காட்டிவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. முன்னர்க் கூறிய உதாரணத்தில், −4, −9, −2 என்னும் சோதனையை உடனே காட்டின், மாணவன் '0' என்னும் தொடக்கத்தை '−10' என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என எண்ணுவான். −50, −70 என்னும் எண்கள் வரின் மீண்டும் வீழ்வான். அவன் கற்க வேண்டியது, தரப்பட்ட எண்களுள் முதலாவதையே தொடக்கமாகக் கொள்ளுதல். அதனைத் தானே காண அவனுக்குச் சிறிது நேரம் வேண்டும். நேரம் கழிந்தும் காணாவிடின் உதவியும் வேண்டும். சிலகாலம் மறைத்துப் பின் திறக்கும் ஆசிரியனே நல்லாசிரியன்.

எம் கூற்றிற்கு மறுப்புக் கூறுவோர் முக்கியமாக ஒன்றை எடுத்துரைப்பர்: 'சோதனைகளைத் திறந்துவிட்டால் மறு ஆண்டிற்குப் புதியன இயற்ற வேண்டுமே, அவ்வளவு உழைப்பிற்கு ஆசிரியர் எங்கே?' என்பர். இஃது புறக்கணிக்கத்தக்கதன்று. பல வகுப்புகளுக்கும் பாடம் நடத்தி, விடைத்தாளும் திருத்தி, அதன்மேல் நல்ல சோதனைகளும் இயற்றுதல் எளிதன்று. ஆயினும் இரு மறுமொழிகள் கூறுவோம். முதலாவது, பழைய வினாத்தாள்கள் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அதனால் கணிதப் பேராசிரியர்கள் வினா இயற்றுவதை விட்டனரோ? திறப்பு அவர்களைப் புதுமைக்குத் தூண்டியதேயன்றிக் கெடுக்கவில்லை. இரண்டாவது, எண்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டுவதில்லை. வேண்டிய அளவிலும் வகையிலும் சோதனைகளைப் பிறப்பிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொள்ளின், அடுத்த ஆண்டு அதே நிரலைக்கொண்டு வேறு சோதனைகள் பெறலாம். இவ்வேலையில் மேல்வகுப்பு மாணவரையும் துணைக்கொள்ளலாம்; அதனால் அவர்க்கும் கல்வி.

மற்றொரு மறுப்பு, திறந்துவிட்டாற் குறைகூறுவார் பெருகுவர் என்பது. பெருகட்டும். குறைகளுள் நூற்றுக்கு ஒன்று உண்மையாயினும் அவ்வொன்றினால் ஒரு மாணவனது உழைப்புக் காக்கப்படும். நடுவர் தம் ஏட்டைத் திறத்தலால் அவர் மதிப்புக் குறையாது. தவறு கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் நடுவரையே மாணவர் நம்புவர்.

இதுகாறும் கூறியவற்றால், நம் கல்லூரியிலும் பிறவிடத்தும் கைக்கொள்ளத்தக்கன எனத் தோன்றுவனவற்றைத் தொகுத்துரைப்போம். முதலாவது, வினாவில் எல்லைகள் முழுமையாகக் கூறப்படல் வேண்டும். எண்கள் எவ்வளவு பெரியன, எதிர்மறை வருமா, ஒன்றுமே இல்லாத உள்ளீடு வருமா என்பன மறைக்கத்தக்கன அல்ல. சோதனை மறைந்திருக்கலாம், சட்டம் மறைந்திருத்தல் ஆகாது. இரண்டாவது, சோதனையின் விடைகளை ஒருவரே எழுதிவிடாமல், ஒருவரை ஒருவர் கலவாத இருவர் தனித்தனி நிரல் எழுதி ஒப்பிடல் வேண்டும். உள்ளீடுகள் கூறிய எல்லைக்குள் அடங்கியுள்ளனவா என்பதையும் ஒரு சிறு நிரலால் சரிபார்த்தல் வேண்டும். மேலே கூறிய துன்ப நிகழ்ச்சி இவ்வொரு செயலால் தவிர்ந்திருக்கும். மூன்றாவது, போட்டியும் தேர்வும் நடக்கும்போது மறைவு முழுமையாகவும் எல்லார்க்கும் சமமாகவும் இருத்தல் வேண்டும். நான்காவது, முடிந்த சில நாள்களுள் சோதனைகள் அனைத்தும் விடைகளோடு திறக்கப்படல் வேண்டும். முறையீடு செய்யக் காலமும், பிழை காணின் எல்லார் நிரலையும் மீண்டும் மதிப்பிடும் உறுதியும் வேண்டும். ஐந்தாவது, பயிற்சியில், மாணவன் சில முறை உண்மையாக முயன்றபின், அவன் தவறிய சோதனைகளுள் மிகச் சிறியது ஒன்று அவனுக்குக் காட்டப்படல் வேண்டும்.

வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் இவை அனைத்தையும் ஏற்கா என்பது யாம் அறிந்ததே. அவை கற்பித்தற்கு வந்தவையல்ல. ஆயினும், தோற்றவன் தன் தோல்வியின் தன்மையையேனும் அறியுமாறு, நேரம் மிகுந்ததா, விடை பிழைத்ததா, எவ்வகை உள்ளீட்டில் என்று ஒரு வரி கூறுதலும், ஐயுற்று எழுதுவார்க்கு ஒரு மறுமொழி அளித்தலும் அவற்றிற்குப் பெருஞ்செலவாகா.

மாணவ நண்பர்களே, உங்கட்கும் ஒன்று கூறி அமைகின்றோம். நடுவரிடம் நேர்மையை வேண்டுபவர் தாமும் நேர்மையராதல் வேண்டும். தேர்வு நடக்கும்போது சோதனையைத் தோழனுக்கு ஓதுதல் உதவியன்று. அறிமுகமில்லாத ஒருவனது இடத்தை அவனறியாமற் கவர்தலாகும். 'விடை தவறு' என்னும் சொற்களைக் கண்டவுடன் நடுவர் மேல் ஐயுறாதீர்; முதலில் உம் நிரலையே ஐயுறுக. எண் ஒன்றுமில்லாவிடின் என் செய்யும், எல்லாம் எதிர்மறையாயின் என் செய்யும், தொகை எல்லை மீறின் என் செய்யும் என்று நீங்களே உங்கட்குச் சோதனை இயற்றிப் பழகுங்கள். எல்லாம் ஆராய்ந்த பின்னும் உங்கள் விடையே சரியெனத் தோன்றுமாயின், அஞ்சாமல், பணிவோடு, கேளுங்கள். அவ்வாறு கேட்க வரும் மாணவனுக்காகத் தம் ஏட்டைத் திறந்துவைத்திருத்தல் நடுவர் கடமை. அக்கடமை நம் கல்லூரியில் வழுவாது நடைபெறுவதாக.